மூன்றில் ஒரு பங்கு

வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் எஞ்சியதை மூச்சுக்கும் விட்டுவைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் திர்மிதி அவர்கள் தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார்கள். இந்த நபிமொழியை நான் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, இலக்கணக் குறிப்பும் உரைத்து, திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தையும் அருகில் வைத்து ஒப்புநோக்கி, ‘அரபும் தமிழும் இங்கே கைகோத்து நிற்பதைக் காணுங்கள்’ என்று பெருமிதத்தோடு முடிப்பது என் வழக்கம்.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், பாடம் முடிந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், மூன்றில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? எதைக் கொண்டு அளப்பது?” என்று கேட்டான். அவன் கேள்வியில் குறும்பு இல்லை. ஆயினும் வகுப்பில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. சிரிப்புக்குக் காரணம் கேள்வியன்று, கேட்கப்பட்ட ஆள்தான். அப்போது என் எடை 126 கிலோ. உயரமோ ஐந்தரை அடி.

நான் ஏதோ விடை கூறிச் சமாளித்தேன். என்ன கூறினேன் என்பது இப்போது நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நினைவில் இருக்கிறது.

மண்ணரையில் எங்கள் வீடு ஊத்துக்குளிச் சாலைக்கு அருகில். ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்பது கொங்குநாடு அறிந்த செய்தி. அந்த வெண்ணெயை உருக்கிய நெய்யின் மணத்தில் வளர்ந்தவன் நான். நாற்பத்தோராம் வயதில் நீரிழிவு வந்தது. பின்னர் இரத்த அழுத்தம் வந்தது. இரவில் உறங்கும்போது மூச்சு நின்று நின்று வந்ததால், என் துணைவியார் பல இரவுகள் உறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவை அனைத்தையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முழங்கால்கள் இரண்டும் மறுத்துவிட, நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கிய நாளில்தான் மனம் உடைந்தேன். நெற்றி தரையில் படாத தொழுகை, நோயாளிக்கு அனுமதிக்கப்பட்டதே. என்றாலும் அந்நோயை நானே ஊட்டி வளர்த்தேன் என்னும் எண்ணம் என்னை விடவில்லை.

முயற்சி செய்யாதவன் அல்லேன். மூளிக்குளக் கரையில் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நடந்திருக்கிறேன். சோற்றை விட்டேன், சர்க்கரையை விட்டேன். எட்டுக் கிலோ குறையும். அடுத்த ஆண்டு பத்துக் கிலோ ஏறும். இவ்வாறு பலமுறை ஆயிற்று. இறுதியில் கோவையில் ஒரு மருத்துவர், “இது உங்கள் மன உறுதிக் குறைவு மட்டும் அன்று, ஐயா. உடல் தன் பழைய எடையைக் காக்கப் போராடுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு ஒன்று உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது” என்றார். ‘கிரெலின்’ எனப்படும் அச்சுரப்பை 1999 இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியில்தான் அது மிகுதியாக ஊறுகிறது. எடை குறையக் குறைய அதுவும் மிகுந்து, உண் உண் என்று ஏவுகிறது.

எடைக்குறைப்பு அறுவை புதிதன்று. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் 1966 இல் இரைப்பையைச் சுற்றிக் குறுக்குவழி அமைக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். எனக்குப் பரிந்துரைக்கப்பட்டது வேறொரு முறை. இரைப்பையின் நீளவாக்கில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி நீக்கிவிட்டு, வாழைப்பழம் போன்றதொரு குழலை மட்டும் விட்டுவைப்பார்கள். கிரெலின் ஊறும் பகுதியும் பெரும்பாலும் அதனோடு போய்விடும்.

மருத்துவர் இதைத் தாளில் வரைந்து காட்டியபோது என்னுடன் இருந்தவர் என் துணைவியாரின் தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டர். நான் விழித்துக்கொண்டிருக்க, அவர் உடனே புரிந்துகொண்டார். உள்ளே ஓர் அளவுக் குழாயைச் செலுத்தி, அதன் ஓரத்தை ஒட்டியே வெட்டுவார்கள் என்றதும், “பேட்டர்ன் வைத்துத் துணி வெட்டுவது போலத்தானே?” என்று கேட்டார். வெட்டும் கருவியே டைட்டானியத்தால் ஆன நுண்ணிய ஊசிகளைக் கொண்டு ஓரத்தைத் தைத்தும்விடும் என்றதும் வியந்தார். திரும்பும் வழியில் மட்டும் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மச்சான், ஒன்று சொல்கிறேன். வெட்டிய துணியை மறுபடி ரோலாக்க முடியாது. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்” என்றார். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுவே சிறந்தது.

வீட்டுக்கு வந்து அரபு அகராதியை எடுத்தேன். இந்த அறுவைக்கு அரபு நாடுகளில் ‘தக்மீமுல் மிஅதா’ என்று பெயர். ‘கும்மு’ என்றால் சட்டையின் கை. சட்டைக் கை போலக் குறுகிய குழலாக்குவதால் அப்பெயர். அதே வேர்ச்சொல்லிலிருந்து வருவது ‘கிமாம்’. அது, பயிரை மேயாதிருக்கவும் கடியாதிருக்கவும் விலங்கின் வாயில் இடும் வாய்க்கூடு. ஒரே சொல்லில் சட்டைக் கையும் வாய்க்கூடும் அடங்கியிருக்கக் கண்டு, ‘அப்படியானால் இனி என் வாய்க்கும் கூடு போட்டாயிற்று, கவலை தீர்ந்தது’ என்று எண்ணி மகிழ்ந்தேன். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஐந்தே வாரங்களில் அறிந்துகொண்டேன்.

அல்லாஹ் படைத்த உறுப்பை வெட்டலாமா என்னும் ஐயம் எழாமல் இல்லை. அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு. நோய் நீக்கச் செய்யும் மருத்துவம் வேறு என்பதை மாணவர்க்கு விளக்கியவனே நான். ஆகவே மார்க்கம் என்னைத் தடுக்கவில்லை. தடுத்தது வெட்கம். ‘மூன்றில் ஒரு பங்கு என்று நமக்கு ஓதிய ஹஜ்ரத், தம் வயிற்றை அடக்கக் கத்தியை நாடினார்’ என்று ஊர் பேசுமே என்னும் வெட்கம். அதனால் பள்ளியிலும் உறவினரிடத்தும் குடலிறக்கத்துக்கு அறுவை என்று சொன்னேன். பொய்தான். துணைவியாரையும் மைத்துனரையும் தவிர எவரும் உண்மை அறியார்.

2023 மே மாதம் 25 ஆம் நாள் அறுவை நடந்தது. வயிற்றில் சிறு துளைகள் ஐந்து, அவ்வளவே. அன்று மாலையே எழுந்து நடக்கச் செய்தார்கள். மறுநாள் ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் முப்பது மில்லி நீரைக் கொடுத்து, அதை மெல்ல மெல்லப் பருகி முடிக்கச் சொன்னார்கள். ஒரு செம்பு நீரை அண்ணாந்து குடித்தவனுக்கு அந்த முப்பது மில்லியே ஒரு மலையாகத் தோன்றியது.

முதல் இரு வாரங்கள் நீர்ம உணவு மட்டும். வடித்த கஞ்சித் தெளிவு, பருப்புத் தண்ணீர், இளநீர், மோர், புரதப் பொடி கலந்த பால். அடுத்த இரு வாரங்கள் மசித்த உணவு. பிறகு மென்மையான உணவு. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்தே வழக்கமான உணவு. அதிலும் முதலில் புரதம், பிறகே சோறு. ஒரு நாளைக்கு அறுபது முதல் எண்பது கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம்தான் என்று அறிந்தபோது, இவ்வளவு சிறிய பையில் அதை எப்படி நிரப்புவது என்று திகைத்தேன். உணவோடு நீர் அருந்தலாகாது; அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். ஒரு கவளத்தை இருபது, முப்பது முறை மெல்ல வேண்டும். அரை இட்லியை உண்ண இருபது நிமிடங்கள் ஆயின.

வியப்பு என்னவென்றால், பசியே இல்லை. நெய்ச்சோற்றின் மணம் அடுக்களையிலிருந்து வந்தபோதும் வயிறு அசையவில்லை. ஆனால் கை அசைந்தது. பத்திரிகை படிக்கும்போது கை தானாக முறுக்கு டப்பாவைத் தேடிப் போகும். பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டைக் கண்டால், வீணாக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தின் போர்வையில் கை நீளும். மருத்துவர் வெட்டியது இரைப்பையை; ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் ஊறிய கையை அவர் தொடவில்லை.

ஐந்து வாரங்கள் நிறைந்த நாள் ஜூன் 29. அன்று ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து, குர்பானி கொடுத்து, வழக்கம்போல் என் அக்காவின் வீட்டுக்குச் சென்றோம். எங்கள் தாயார் மறைந்த பின் எனக்குத் தாயாக இருப்பவர் அவர். பெரிய தாம்பாளத்தில் பிரியாணி; பக்கத்தில் தால்ச்சா; ஈரல் வறுவல். எனக்கு மட்டும் என்று எடுத்து வைத்த நெஞ்செலும்புக் கறி. நான் ஒரு கரண்டி தால்ச்சாவில் சோற்றை மசித்துக்கொண்டு விளையாடிக் கொண்டிருந்தேன். அக்கா பார்த்தார்கள். “என் கைச்சோறு உனக்குக் கசந்துவிட்டதா, தம்பி? பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் அக்கா வீட்டுச் சோறு இறங்கவில்லையா?” என்றார்கள். கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வெட்கம் வாயைக் கட்டியது. பொய்யைக் காக்க, கறித்துண்டு இரண்டை எடுத்துப் பழைய வேகத்திலேயே மென்றும் மெல்லாமலும் விழுங்கினேன்.

சில நொடிகளில் நெஞ்சுக்கு நடுவே யாரோ முட்டுக்கொடுத்தது போன்ற வலி. வாயில் எச்சில் பெருகியது. எழுந்து கொல்லைப்புறம் ஓடி, குழாயடியில் குந்தி, பெருநாள் உணவு முழுவதையும் வெளியேற்றினேன். தையலிட்ட இடம் பிய்ந்துவிட்டதோ என்று உயிர் நடுங்கியது. அல்லாஹ்வின் அருளால் அவ்வாறு ஏதும் இல்லை. விழுங்கியது அடைத்துக்கொண்டதுதான் என்று மருத்துவர் பின்னர் கூறினார். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா கையில் செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த அச்சத்தைக் கண்டபின் என்னால் மறைக்க இயலவில்லை. குழாயடியிலேயே அனைத்தையும் சொன்னேன்.

அக்கா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதைச் சொல்லவா வெட்கப்பட்டாய்? உன்னைக் கொல்லப் பார்த்தேனே, பாவி நான்” என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் சொன்ன பொய் என்னை மட்டும் கெடுக்கவில்லை. என்மேல் அன்பு கொண்டவரின் அன்பையே எனக்கு எதிரான ஆயுதமாக்கிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நம் வீடுகளில் அன்பைச் சோற்றால் அளக்கிறோம். ‘இன்னும் ஒரு கரண்டி’ என்பதுதான் நம் தாய்மார் அறிந்த பாசமொழி. விருந்தினர் போதும் என்று கை மறைத்தால், மறைத்த கையின் இடுக்கில் ஊற்றுவோம். இது குறையன்று, பஞ்சம் கண்ட முன்னோரிடமிருந்து வந்த பண்பு. ஆனால் உண்ண இயலாதவன் முன்னே அதே பண்பு வன்முறையாகிவிடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை, அக்காவின் பேரன் ஒரு சிறு கிண்ணத்தைக் கொண்டுவந்தான். முள் நீக்கி மசித்த மீன், நான்கே கரண்டி. தாம்பாளத்தில் வந்த அதே அன்புதான், கிண்ணத்தில் வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு வெள்ளியும் அக்கிண்ணம் வரத் தவறியதில்லை.

மறைத்ததை வீட்டில் ஒப்புக்கொண்டேனே தவிர, பள்ளியில் ஒப்புக்கொள்ள மேலும் ஒன்பது மாதங்கள் ஆயின. 2024 மார்ச்சில் ரமலான் வந்தது. நோன்பு நோற்க வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். என் வயிறு ஒரே வேளையில் நிறைய நீரைக் கொள்ளாது. பகல் முழுதும் சிறுகச் சிறுகப் பருகினால்தான் உடல் வறளாது. பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீரின்றி இருந்துவிட்டு, இரவில் ஈடுசெய்ய இயலாது. நோயாளி வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் என்னும் இறைச்சலுகையை எத்தனை பேருக்கு எடுத்துரைத்திருக்கிறேன்! எனக்கென்று வந்தபோது அதை ஏற்க மனம் கூசியது. உருவத்தில் மெலிந்து, முன்னைவிட நலமாகத் தோன்றும் ஆசிரியர் நோன்பில்லாதிருப்பதைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

ஆகவே நூலக அறையின் அலமாரிக்குப் பின் நின்று, திருடனைப் போலத் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள், புத்தகம் எடுக்க வந்த சிறுவன் கண்டுவிட்டான். முன்பு கேள்வி கேட்ட அதே சிறுவன். ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து போய்விட்டான். அவன் எனக்காக வெட்கப்பட்டான் என்பதே என்னைச் சுட்டது.

அன்று பிற்பகல் வகுப்பில் பாடநூலை மூடிவைத்துவிட்டு, குடலிறக்கம் என்று சொன்ன பொய் உட்பட யாவற்றையும் மாணவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் லியோன் அரசை ஆண்ட சாஞ்சோ என்பவன், பருத்த உடலால் குதிரையேறவும் இயலாதவனாகி, 958 இல் அரியணையை இழந்தான். அவன் பாட்டி தோடா அவனைக் குர்துபாவுக்கு அழைத்துவந்தாள். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் இருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவர் அவனுக்கு மருத்துவம் செய்தார். அவன் வாயைத் தைத்து, நீர்ம உணவு மட்டும் கொடுத்தார் என்றுகூடக் கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், அவன் உடல் மெலிந்து திரும்பி, கலீஃபாவின் படைத்துணையோடு அரியணையை மீட்டான் என்பது வரலாறு. கிறித்தவ மன்னனும் யூத மருத்துவரும் முஸ்லிம் கலீஃபாவும் ஒரு நோயின் முன்னே கூடி நின்றார்கள். நோய்க்கு மருத்துவரை நாடுவதில் மன்னனுக்கே இல்லாத வெட்கம் எனக்கேன்?

மாணவர்கள் எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் என் மேசையில் ஒரு குவளை நீர் மூடி வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. விட்ட நோன்புகளைப் பின்னர் மருத்துவர் ஒப்புதலோடு ஒவ்வொன்றாக நிறைவு செய்தேன். 2025 ரமலானில் எல்லோரோடும் நோன்பிருந்தேன். நோன்புக்கஞ்சி அரைக் கோப்பை, பேரீச்சம்பழம் ஒன்று. அதுவே என் இஃப்தார்.

இது எளிய வழி என்று எவரும் எண்ணிவிடலாகாது. மூன்றாம் மாதம் முதல் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஓராண்டு முடிவதற்குள் மீண்டும் முளைத்தது. மார்கழிக் குளிரில் நடுங்கினேன். எடை சில வாரங்கள் அசையாது நின்று சோதித்தது. வைட்டமின் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் என் வாழ்நாள் துணை. நீரிழிவு மாத்திரை குறைந்ததே தவிர, அறவே நிற்கவில்லை. 126 கிலோ ஓராண்டில் 91 ஆயிற்று; அங்கேயே காத்துக்கொள்ளப் போராடுகிறேன். வட்டப் பின்னல் துணியைத் தினமும் இழுத்துக்கொண்டே இருந்தால் அது தளர்ந்துவிடும் என்பது திருப்பூரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சிறுத்த இரைப்பையும் அவ்வாறே. அளவு மீறுகிறவனுக்கு எடை திரும்பி வரும்.

என்னிடம் ஆலோசனை கேட்டு வருவோர்க்கு மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதில்லை. 2024 ஏப்ரலில், எடைக்குறைப்பு அறுவைக்காகச் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர், இருபத்தாறே வயதில் உயிர் நீத்தார். அவருடைய பெற்றோரை எண்ணி அன்று என் துணைவியார் அழுதார். ஆகவே அழகுக்காகவும் அவசரத்துக்காகவும் இதை நாடாதீர்கள். தேர்ந்த மருத்துவர், அவசரப் பிரிவு வசதி, முன்பரிசோதனைகள், பின்பு பல ஆண்டுக் கண்காணிப்பு ஆகிய இவையனைத்தும் இருந்தாலன்றி இறங்காதீர்கள். இறங்கினால், உங்களோடு உண்பவர்களிடம் மறைக்காதீர்கள்.

அறுவை முடிந்து பத்தாம் மாதம், அந்த ரமலானிலேயே ஒரு ஸுப்ஹுத் தொழுகையில், நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசையில் நின்றேன். முழங்கால் மடிந்தது. நெற்றி பாயில் பட்டது. அந்த ஸஜ்தாவில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இவ்வாண்டும் அந்த நபிமொழி பாடத்தில் வந்தது. கேள்வி கேட்ட சிறுவன் இப்போது மேல்வகுப்பில் இருக்கிறான். அவனை அழைத்து முன்வரிசையில் அமரச் செய்து, அக்காவின் கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன். “தம்பி, நீ அன்று எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டாய். எனக்கு மருத்துவர் விட்டுவைத்தது ஏறத்தாழ இந்தக் கிண்ணத்தின் அளவு. உனக்கு அல்லாஹ் கொடுத்தது இதைவிடப் பன்மடங்கு பெரியது. நீ உன் கையைக் கொண்டு அளந்துகொள். தட்டை நோக்கிப் போகும் கை எங்கே நிற்கிறதோ, அதுதான் உன் அளவு” என்றேன்.

அவன் கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இவ்வளவு போதுமா, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

“போதுகிறது, தம்பி. அல்ஹம்து லில்லாஹ்” என்றேன்.